பழைய சிடி பிளேயரை மறுபடி பாட வைப்பது எப்படி?

தட்டு டிஸ்க்கை உள்ளே வாங்கிக்கொள்கிறது, கொஞ்ச நேரம் முனகுகிறது, அப்புறம் 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. உடனே "லேசர் போயிடுச்சு" என்று செட்டை ஓரங்கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 தொடங்கி, அந்தக் கால வீட்டு பிளேயர்கள் ஸ்க்ரூ போட்டு மூடியவை. திறந்து சுத்தம் செய்யலாம். லேசரைச் சந்தேகிக்கும் முன் தூசியையும் காய்ந்த கிரீஸையும் பாருங்கள்.

முதல் வேலை, பின்பக்கம் வோல்டேஜ் பார்ப்பது. ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட்டுக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் வருவது 230. வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த செட்டைச் செருகவே கூடாது. செட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். எடுத்துப் போகும்போது லேசர் பகுதி அசையாமலிருக்கச் சில மாடல்களில் ஒரு பூட்டு ஸ்க்ரூ இருக்கும். அதை விடுவிக்காவிட்டால் டிஸ்க் ஓடாது.

சரி, இனி லென்ஸ். தட்டை வெளியே வரவைத்து, பிளக்கைக் கழற்றி, சற்று நேரம் விட்டு மேல்மூடியைத் திறங்கள். கரண்ட் இருக்கும்போது லென்ஸை உற்றுப் பார்க்கவே வேண்டாம். அந்த லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. டிஸ்க்கை மேலிருந்து அழுத்தும் பிடிப்பானைக் கழற்றினால் சின்ன லென்ஸ் தெரியும். இயர் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஈரம் தட்டும் அளவுக்கு மட்டும் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய ஸ்பிரிங்கில் மிதக்கிறது, அழுத்தினால் கோணிவிடும். காய்ந்த பட்ஸால் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

அடுத்து, லேசர் நகரும் தண்டு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. பாட்டுகளின் பட்டியலும் உள்விளிம்பில்தான் இருக்கிறது. கிரீஸ் இறுகி லேசர் உள்ளே வர முடியாவிட்டால் செட்டுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புது கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். பிலிப்ஸின் ஆரம்ப மாடல்களில் தண்டு கிடையாது, ஆடும் கைதான். அதற்கு எண்ணெய் விடாதீர்கள். டிஸ்க் வைக்கும் தட்டு திக்கினால் அதை நகர்த்தும் ரப்பர் பெல்ட்டை மாற்றுங்கள்.

போர்டில் உள்ள குட்டித் திருகுகளைத் தயவுசெய்து திருப்பாதீர்கள். ஃபோகஸும் லேசரின் சக்தியும் அங்கேதான் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஓடக்கூடிய செட்டும் கெட்டுவிடும்.

பிடிப்பானைத் திரும்ப மாட்டி, மூடியைப் போட்டு, கம்பெனியில் அச்சான டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அது திருப்பியனுப்பும் ஒளி மிகக் குறைவு, பழைய செட்டுகளுக்குப் போதாது. ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் (AUX) என்ற இடத்தில் செருகுங்கள், இசைத்தட்டு பிளேயருக்கான ஃபோனோவில் (PHONO) அல்ல. ஃபோனோ சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது, சிடி பிளேயரோ 2 வோல்ட் வரை தரும்.

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க்கைப் படிக்கவில்லையா? இப்போது லேசரைச் சந்தேகிக்கலாம். அதன் மேலுள்ள பாக எண்ணைப் போட்டோ எடுத்து, அதே எண்ணுள்ளதாகத் தேடி வாங்குங்கள்.