பின்ச் கூட்டில் தும்புக்கடியில் புதைந்த முட்டைகள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சோடி சீப்ரா பின்ச் என்னும் சிறு கூண்டுப் பறவைகளை வளர்க்கிறேன். பெட்டை நாளுக்கொன்றாக 5 முட்டைகள் இட்டும், இரண்டு முறை ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. வெக்கையையும் தீனியையும் குறைசொல்லிக்கொண்டிருந்த எனக்கு, கூட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: முதலில் இட்ட 3 முட்டைகள் தும்புக்கடியில் குளிர்ந்து கிடக்க, அவற்றின் மேல் புதிதாக மெத்தை அமைத்து, மீதி இரண்டும் அதில் இடப்பட்டிருந்தன.

தவறு என்னுடையதே. தென்னந்தும்பு தாராளமாகக் கிடைக்கிறதே என்று தினமும் ஒரு பிடி கூண்டுக்குள் போட்டுவந்தேன். பொருள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை ஆண் பறவை கூட்டைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் முறை, முதல் முட்டையைக் கண்ட அன்றே கூட்டுக்கு வெளியே கிடந்த தும்பு, இறகு, காய்ந்த புல் அனைத்தையும் அகற்றினேன். (நீளமான தும்பு காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், இப்போது விரல் நீளத்துக்கு வெட்டித்தான் கொடுக்கிறேன்.) முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்பதால், கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நன்னீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கம்பியில் செருகினேன்.

அடைகாக்கத் தொடங்கிய 6ஆம் நாள் இரவு, சிறிய டோர்ச் ஒளியை முட்டைகளருகே பிடித்தேன். நான்கில் செந்நிற நரம்புகள் சிலந்திவலைபோலப் படர்ந்திருந்தன. ஐந்தாவது கருவின்றி வெறும் மஞ்சளாக ஒளிர்ந்தது. அதன்பின் கூட்டைத் தொடவேயில்லை. 13ஆம் நாள் காலை, கூண்டின் தட்டில் பாதி முட்டைக்கோது கிடந்தது. உள்ளே, இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்துக் கிடந்தன.