இதய பம்பு: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயச் செயலிழப்பு முற்றி, மாத்திரைக்கு அடங்காத நிலைக்குப் போனவர்களுக்கு இடது கீழறையோடு சேர்த்து ஒரு சிறிய பம்பைப் பொருத்துகிறார்கள். எல்.வி.ஏ.டி. என்பார்கள். கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குள் தள்ளுவது அதன் வேலை. வயிற்றுத் தோல் வழியாக ஒரு கேபிள் வெளியே வரும். அதன் மறுமுனையில் கன்ட்ரோலரும் பேட்டரிகளும் இருக்கும். நோயாளி எங்கே போனாலும் அவையும் கூடவே போகும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். இதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். அதனால் இதைச் சோதிப்பதிலும், சோதனை முடிவைப் படிப்பதிலும் நடக்கும் தவறுகளுக்கு விலை அதிகம்.

முதல் தவறு, "சோதனையில் தேறிவிட்டது" என்ற வரியோடு நின்றுவிடுவது. எச்வேட் என்ற பம்பின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஹார்ட்மேட் 2 பம்போடு அதை ஒப்பிட்டு அமெரிக்காவில் 'என்டியூரன்ஸ்' என்ற சோதனையை நடத்தினார்கள். முடிவு 2017-இல் வெளியானது. முடக்கிப்போடும் பக்கவாதம் வராமல், பழுதான பம்பை மாற்ற வேண்டிய நிலை வராமல், இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் எச்வேட்டில் 55.4 சதவீதம், ஹார்ட்மேட் 2-இல் 59.1 சதவீதம். புதிய பம்பின் எண் குறைவுதான், ஆனாலும் அது தேறியது. பழையதைவிட 15 சதவீதப் புள்ளி அளவுக்குப் பின்தங்கவில்லை என்று காட்டினால் போதும் என முன்கூட்டியே விதி வகுத்திருந்தார்கள்.

சரி, அந்த ஒற்றை எண்ணைப் பிரித்துப் பாருங்கள். பழுதாகி மாற்ற வேண்டி வந்தது எச்வேட்டில் 8.8 சதவீதம், பழையதில் 16.2. இதில் புதியதுதான் மேல். ஆனால் பக்கவாதம் எச்வேட்டில் 29.7 சதவீதம், பழையதில் 12.1. இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு பக்கத்து லாபம் மறுபக்கத்து நஷ்டத்தை ஈடுகட்டி, மொத்த எண்ணைக் கிட்டத்தட்ட சமமாகக் காட்டிவிட்டது. பம்பை மாற்றுவதும் கை கால் விளங்காமல் போவதும் ஒரு குடும்பத்துக்கு ஒன்றா? பல விளைவுகளைச் சேர்த்துக் கட்டிய எண்ணைப் பார்த்தால் அதை அவிழ்க்காமல் நகரக் கூடாது. எவ்வளவு பின்தங்கலாம் என்ற எல்லையை யார் வைத்தார்கள், ஏன் அந்த அளவு என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கவாதங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் ஒரு காரணம் என்று தெரிந்தது. இந்தப் பம்புகளில் ரத்தம் இடைவிடாமல் ஓடுவதால் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. சாதாரண பி.பி. மெஷினைக் கட்டினால் பல நேரம் எண்ணே காட்டாது. கையில் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றி, முழங்கை மடிப்பில் ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைப்பார்கள். காற்றை மெதுவாக இறக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் எங்கே திரும்ப வருகிறதோ, அதுதான் அளவு. இந்தப் பழக்கம் இல்லாதவரிடம் அளவெடுக்கும் வேலையைக் கொடுப்பது சோதனையையே கெடுக்கும் தவறு. அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தி இரண்டாவது சோதனையும் நடத்தினார்கள். பக்கவாதம் முன்பைவிடக் குறைந்தது. ஆனாலும் 12 மாதத்தில் நரம்பியல் பாதிப்பு எச்வேட்டில் 14.7 சதவீதம், ஹார்ட்மேட் 2-இல் 12.1. இந்த முறை வகுத்த இலக்கை எட்டவில்லை.

அடுத்த தவறு, வெவ்வேறு சோதனைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. ஹார்ட்மேட் 2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரியான இரண்டு ஆண்டு அளவுகோலில் 2009-இல் வெளியான சோதனையில் அதற்கு 46 சதவீதம். என்டியூரன்ஸில் 59.1. அடுத்து வந்த ஹார்ட்மேட் 3-ஐ இதோடு ஒப்பிட்டு, 2019-இல் முழு முடிவு வந்த 'மொமென்டம் 3' சோதனையில் 64.8. பெயர் மாறாத ஒரே பம்புக்கு மூன்று எண்கள். சேர்க்கப்பட்ட நோயாளிகள் வேறு, மருத்துவமனைகளின் அனுபவம் வேறு, எதைத் தோல்வி என்று கணக்கிட்டார்கள் என்பதிலும் சின்னச் சின்ன வித்தியாசம். அதனால் ஹார்ட்மேட் 3 பெற்ற 76.9 சதவீதத்தை அதே சோதனையின் 64.8-க்கு எதிரே வைத்தால்தான் அர்த்தம் வரும்.

விலங்குச் சோதனையை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. கன்றுக்குட்டியிலும் ஆட்டிலும் பம்பை ஓட்டிப் பார்ப்பது அவசியம்தான். ஆனால் அந்த விலங்கின் இதயம் பெரும்பாலும் ஆரோக்கியமானது. பம்பு தள்ளும் ரத்தமெல்லாம் சுற்றி வந்து வலது அறையில் சேரும். நோயாளியின் வலது அறை ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அது திணறும். ஆரோக்கியமான கன்று இதைக் காட்டிக்கொடுக்காது.

அனுமதி கிடைத்ததும் கண்காணிப்பைத் தளர்த்துவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஹார்ட்மேட் 2 ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்டு, நல்ல பெயரோடு இருந்தது. அமெரிக்காவின் மூன்று பெரிய மருத்துவமனைகள் தங்கள் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பொருத்திய 3 மாதத்துக்குள் பம்பில் ரத்தம் உறைவது, 2011 மார்ச்சுக்கு முன் 2.2 சதவீதமாக இருந்தது, 2013 ஜனவரிக்குள் 8.4 ஆகியிருந்தது. 2014-இல் அதை வெளியிட்டார்கள். யாராவது எண்ணிக்கொண்டே இருந்தால்தான் இப்படி ஒன்று வெளியே வரும்.

கூடவே கொடுக்கும் மருந்தைச் சோதனைக்கு வெளியே வைப்பதும் இதே ரகம். இந்த நோயாளிகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு ஆஸ்பிரினும் கொடுப்பது பல ஆண்டு வழக்கமாக இருந்தது. ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறுபாதிக்குப் போலி மாத்திரை என்று பிரித்துப் பார்த்த 'ஏரீஸ்' சோதனையின் முடிவு 2023-இல்தான் வந்தது. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ரத்தக்கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ரத்த உறைவுச் சிக்கல் கூடவில்லை.

இன்னொன்று: யாருக்கு எந்தப் பம்பு என்பதை டாக்டரிடமிருந்து மறைக்க முடியாது. அதனால் எது பக்கவாதம், எது பம்பால் வந்த மரணம் என்று முடிவு செய்யும் வேலை, நோயாளியைப் பார்க்காத தனிக் குழுவிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒப்புதல் படிவம். எச்வேட் விற்பனையை அதன் தயாரிப்பு நிறுவனமான மெட்ரானிக் 2021 ஜூனில் நிறுத்தியது. மற்ற பம்புகளைவிட நரம்பியல் பாதிப்பும் மரணமும் அதிகம் என்ற தரவுகள் வந்திருந்தன. நின்ற பம்பு மீண்டும் ஓடாமல் போகும் கோளாறும் இருந்தது. அப்போது உலகம் முழுக்கச் சுமார் 4,000 பேர் அதோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடுவதும் ஆபத்து என்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை. சோதனையில் சேரும்போது "செத்துப்போக வாய்ப்பு எவ்வளவு" என்று கேட்பவர்கள், தயாரிப்பு நின்றுபோனால் பேட்டரியும் கன்ட்ரோலரும் யார் தருவார்கள், எத்தனை ஆண்டுக்கு, செலவு யாருடையது, நடுராத்திரி அலாரம் அடித்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். பதிலை வாய்வார்த்தையாக வாங்கிக்கொள்ளாமல் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்து அப்புறம்.