பீட்ரூட் ரொட்டியின் நிறம் ஓடிப்போகாமல் இருக்க

பிசையும்போது கண்ணைப் பறிக்கிற மஜந்தா நிறம், சுட்டு நறுக்கிப் பார்த்தால் தேங்காய் நார் நிறத்தில் ஒரு சாதா ரொட்டி. முதல் தடவை பீட்ரூட் ரொட்டி சுடுகிற பல பேருக்கு இதுதான் நடக்கும். போன புரட்டாசியில் எனக்கும் நடந்தது. வீட்டில் கறி மீன் கிடையாது, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்குப் புதுசாக ஏதாவது செய்யலாமே என்று ஆரம்பித்தேன். என் மாமியார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "பீட்ரூட்டை மாவில் போட்டியா, இல்லை பக்கத்தில் வைத்துச் சுட்டியா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான்: பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி. அதற்குச் சூடு ஆகாது, ஆனால் கொஞ்சம் புளிப்பு இருந்தால் தாக்குப்பிடிக்கும். அதனால் பலர் எலுமிச்சைச் சாறு விடுவார்கள். டர்பனில் இருக்கிற நமக்கு அதைவிட நல்லது கையிலேயே இருக்கிறது, அமாசி. எந்தக் கடையிலும் கிடைக்கிற அந்தப் புளித்த பாலைத் தண்ணீருக்குப் பதில் ஊற்றினால் நிறமும் நிற்கும், ரொட்டியும் மெத்தென்று வரும். இன்னொரு லாபமும் உண்டு. பீட்ரூட்டின் மண் வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின், மழை பெய்தவுடன் தரையிலிருந்து எழும்புகிற அதே வாசனைதான். புளிப்பில் அதுவும் அடங்கிவிடும்.

அளவு: வெள்ளை பிரெட் மாவு 500 கிராம் (கேக் மாவுப் பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், காய்கறிக் கூழின் பாரத்தை அது தாங்காது), தோல் சீவிய பச்சை பீட்ரூட் 150 கிராம், அமாசி 180 மில்லி, உப்பு 9 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். இங்கே ஈஸ்ட் 10 கிராம் பாக்கெட்டில் வருகிறது, இந்த ஊர் வெக்கைக்கு முழுசும் வேண்டாம். பீட்ரூட்டை இலையோடு வாங்குங்கள், வார்விக் சந்தையிலோ சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ கட்டாகக் கிடைக்கும், இலை வாடாமல் இருந்தால் கிழங்கும் புதுசு.

பீட்ரூட்டை வேகவைக்க வேண்டாம், பாதி நிறம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பச்சையாகத் துருவி, அமாசியோடு மிக்சியில் நைசாக அரைத்து, மாவில் ஊற்றிப் பிசையுங்கள். தண்ணீரை மட்டும் அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். பீட்ரூட்டில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனால் அது பிசையப் பிசையத்தான் வெளியே வரும், முதல் ஐந்து நிமிஷம் மாவு வறண்டு தெரிகிறதே என்று அரை கப் ஊற்றினால் பத்தாவது நிமிஷம் கூழாகி விரலில் தொங்கும். நான் அப்படித்தான் ஒரு தரம் முழு மாவையும் தோசைக்கல்லில் ஊற்ற வேண்டியதாயிற்று, அது மோசமில்லை என்பது வேறு கதை. தேவைப்பட்டால் ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள், 50 மில்லிக்கு மேல் போகாது.

இரண்டு மடங்கு உப்பியதும் (வெயில் நாளில் நாற்பது நிமிஷமே போதும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்) எண்ணெய் தடவிய டின்னில் போட்டு, இன்னொரு முறை எழும்பவிட்டு, 180 டிகிரியில் 40 நிமிஷம். 200க்குப் போகாதீர்கள், பீட்ரூட்டில் சர்க்கரை இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் கருகும். இருபதாவது நிமிஷம் மேலே ஃபாயில் போட்டு மூடிவிடுங்கள். வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, டின்னிலிருந்து எடுத்து அடியில் தட்டினால் பானை மாதிரி ஓசை வர வேண்டும். மேல்தோல் எப்படியும் பழுப்புத்தான். உள்ளே ரோஜா நிறம் வரும், மாவில் பார்த்த அந்த மஜந்தா வராது, அதை இப்போதே மறந்துவிடுங்கள்.

மஞ்சள் நிறத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பட்டர்நட் பூசணி, கேரட் இரண்டிலும் இருக்கிற கரோட்டின் என்ற நிறமி சூட்டுக்குப் பயப்படாது, எண்ணெயில் கரையும். பட்டர்நட்டை ஓவனில் சுட்டு மசித்து, முழுக்க ஆறவைத்து (சூடாகப் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும்) 200 கிராம் சேருங்கள். கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டால் இன்னும் பளிச்.

பச்சைக்குச் சட்டம் தலைகீழ். கீரையின் பச்சையம் புளிப்பில் ஆலிவ் நிறமாக மங்கிவிடும், ஆகவே அமாசியும் எலுமிச்சையும் கிட்டவே வரக்கூடாது, பாலோ தண்ணீரோ போதும். இங்கே ஸ்பினச் என்று விற்கிற தடித்த வெள்ளைத் தண்டுக் கீரை உண்மையில் சுவிஸ் சார்ட். தண்டை நீக்கி, கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஒட்டப் பிழிந்து அரையுங்கள். 100 கிராம் விழுது வேண்டும். கொல்லையில் முருங்கை இருந்தால் அந்த இலையிலும் செய்யலாம், லேசான கசப்பு வரும், எனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

சிவப்பு முட்டைக்கோஸில் ஊதா நிறம் எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான், ஆனால் வீடெல்லாம் கோஸ் நாறும். நான் ஒரே தடவையோடு விட்டேன்.

மூன்று நிற மாவையும் தட்டி அடுக்கிச் சுருட்டினால் நறுக்கும்போது சுருள் தெரியும். மூன்றும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இளகினது பிதுங்கிக்கொண்டு வரும், நடுவில் ஓட்டை விழும்.

இதில் பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்புகிற நம்ம டர்பன் பண்டம், செய்யலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் கடை ரொட்டியைவிட இது மெது, குழம்பு சுவரில் கசிந்து கையெல்லாம் ஒழுகும். முந்தின நாளே சுட்டு வைத்து, கால் ரொட்டியாக வெட்டிக் குடைந்து, பீன்ஸ் கறியைக் கெட்டியாக வைத்து நிரப்புங்கள். பட்டர்நட் ரொட்டிதான் அதற்குச் சரி. பீட்ரூட்டில் செய்தால் எது குழம்பு எது ரொட்டி என்றே தெரியாது.