ப்ரேக் ஹோஸை நாமே வெட்டிப் பொருத்தலாம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஹேண்டில்பாருக்கு முன்னால் பெரிய வளையமாக நிற்கும் ப்ரேக் ஹோஸில், அதாவது ப்ரேக் எண்ணெய் ஓடும் குழாயில், கடை வாசலில் தொங்கிய ஹேங்கர் ஒன்று மாட்டி, நைட்டியோடு நாலடி கூடவே வந்துவிட்டது. "தம்பி, பில் போட்டுட்டு எடுத்துட்டுப் போப்பா" என்றார் கடைக்கார அம்மா. அன்றைக்கே ஹோஸை வெட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புது மவுண்டன் பைக்கில் ஹோஸ் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வருகிறது. அதைச் சரியான அளவுக்கு வெட்டுவது ஒரு மணி நேர வேலை. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

இங்கே சொல்வதெல்லாம் மினரல் ஆயில் போடும் ஷிமானோ ப்ரேக்குக்கு. ஸ்ராம் ப்ரேக்குகள் பலவற்றில் டாட் 5.1 என்ற வேறு வகைத் திரவம் இருக்கும். அது பெயின்ட்டை அரித்துவிடும், பொருத்தும் பாகங்களும் வேறு. ஸ்ராம் வைத்திருப்பவர்கள் அந்த கம்பெனியின் விளக்கத்தைப் பார்ப்பதே நல்லது.

வாங்க வேண்டியது ஆலிவும் இன்செர்ட்டும். ஆலிவ் என்பது சின்னப் பித்தளை வளையம். நட்டை இறுக்கும்போது அது நசுங்கி ஹோஸைக் கவ்விக்கொள்ளும், அதனால் ஒரு தடவைக்கு மேல் உதவாது. இன்செர்ட் ஹோஸின் துளைக்குள் இறங்கும் குட்டிக் குழாய். உங்கள் ஹோஸின் மேல் பிஹெச் 59 என்று இருக்கிறதா, பிஹெச் 90 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உள் துளை வேறு. இரண்டு செட்டாக வாங்குங்கள், காரணம் பின்னால் வரும்.

வெட்ட ஹோஸ் கட்டர் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் புது பிளேடு போட்ட கட்டர் கத்தி, கீழே ஒரு மரப்பலகை. கட்டிங் பிளேயர் மட்டும் வேண்டாம், முனை முட்டை வடிவில் நசுங்கிவிடும். ஹாக்ஸாவும் வேண்டாம், தூள் உள்ளே போகும்.

சக்கரத்தையும், அதன் டிஸ்க்கைக் கவ்வும் பேடுகளையும் கழற்றித் தள்ளி வையுங்கள். பேடுகள் இருந்த கேலிபரில், பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வராமல் தடுக்கும் பேட் ஸ்பேசரைச் செருகுங்கள். பேடில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அப்புறம் ப்ரேக் பிடிக்காது, கீச்சென்று கத்த மட்டும் செய்யும்.

அளவெடுக்கும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹோஸ் விறைக்கக் கூடாது. கையால் அழுத்தும் ப்ரேக் பிடியான லிவருக்குள் ஹோஸ் ஒரு சென்டிமீட்டர் போல நுழையும், அதையும் கணக்கில் சேருங்கள். அதற்கு மேல் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் விட்டுக் குறி போடுங்கள். அந்த உபரிதான் என்னைக் காப்பாற்றியது.

லிவரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹோஸ் வெளியேறும் வாய் மேலே பார்க்கும்படி திருப்புங்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் அதிகம் கொட்டாது. ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளி, 8 மி.மீ. ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, ஹோஸை உருவி, குறியில் நேராக வெட்டுங்கள்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த கட்டத்தில். வெட்டியதும் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. இன்செர்ட்டை முனையில் வைத்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, அழகாக இறக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ரப்பர் மூடி, நட், ஆலிவ் மூன்றும் பழைய தினத்தந்தி மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன! இன்செர்ட் இறங்கினால் ஹோஸ் முனை லேசாக உப்பிவிடும், அதன் மேல் ஆலிவ் ஏறவே ஏறாது. இறங்கிய இன்செர்ட்டைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அந்த முனையையே மறுபடி வெட்டி எறிந்தேன். கையில் வேறு இன்செர்ட் இல்லை. ஆன்லைனில் போட்டு அது வந்து சேர அடுத்த வாரம் ஆனது.

அதனால் இன்செர்ட்டைத் தொடுவதற்கு முன்பே ஹோஸில் கோக்க வேண்டியதைக் கோத்துவிடுங்கள். முதலில் ரப்பர் மூடி, அடுத்து நட், அதன் பிறகு ஆலிவ். நட்டின் மரை லிவர் பக்கம் பார்க்க வேண்டும். நான் இப்போதெல்லாம் சுத்தியலை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். எடுக்க எழுந்து போகும்போது ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன்.

தட்டும்போது ஹோஸ் அசையக் கூடாது. புது ஹோஸோடு வரும் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே வைத்து, பட்டறை இடுக்கியான வைஸில் இறுக்குங்கள். என்னிடம் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "வெறும் வைஸ்ல புடிச்சா நசுங்கிடும்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு மரத்துண்டில் 5 மி.மீ. துளை போட்டு, துளையின் நடுவே ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கொடுத்தார். ரம்பம் தின்ற இடைவெளியால் கட்டை ஹோஸை நன்றாகக் கவ்விக்கொள்கிறது. விலை கொடுத்து வாங்கும் கருவிகளைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஹோஸை லிவருக்குள் முட்டும் வரை தள்ளி, அந்த அழுத்தத்தை விடாமல் நட்டை இறுக்குங்கள். ஷிமானோ சொல்லும் இறுக்க அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். அழுத்தத்தை விட்டுவிட்டால் ஆலிவ் ஹோஸைத் தவறான இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

சக்கரத்தையும் பேடையும் மாட்டி லிவரைப் பிடித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, லிவரின் மேல் புனல் மாட்டி எண்ணெய் நிரப்பிக் குமிழியை வெளியேற்ற வேண்டும். இரண்டில் எதுவானாலும் லிவரை அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டு, நட்டைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஷிமானோ எண்ணெய் சிவப்பு, கசிந்தால் காலையில் தெரிந்துவிடும். முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச்சாலையில் போய்ச் சோதிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்த ஒருவர் சக்கரமும் ஸ்பேசரும் இல்லாமல் லிவரை அழுத்த, கேலிபர் பிஸ்டன் வெளியே வந்துவிட்டதாம். லேசாக வந்திருந்தால், டயர் கழற்ற உதவும் பிளாஸ்டிக் டயர் லிவரால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். இன்னொருவர் தையல் மிஷின் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். ப்ரேக்குக்கு உரிய மினரல் ஆயிலையே வாங்குங்கள், ஒரு சின்ன பாட்டில் பல தடவைக்கு வரும்.