மாசம் எவ்வளவு வரும்? மாற்றுத்திறனாளி உதவித்தொகையைக் கணக்குப் பார்ப்பது எப்படி

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் தன் மகனுடைய பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் தையல் மேசைமேல் வைத்தார். அதில் 2,000 ரூபாய் ஏறியிருந்தது. என் பாஸ்புக்கில் ஏறியது 1,500. "தம்பி, உனக்குக் குறைபாடு 60 பர்சென்ட். என் பிள்ளைக்கு 50தான். அவனுக்கு எப்படி ஜாஸ்தி? தப்பா போட்டுட்டாங்களா, நாளைக்குத் திருப்பிக் கேப்பாங்களா?" அக்காவின் குரலில் பயம் இருந்தது. செலவழிக்காமல் அப்படியே வைத்திருந்தாராம்.

தப்பாக எதுவும் ஏறவில்லை. நம் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தப் பணம் இரண்டு வாசலில் இருந்து வருகிறது. எந்த வாசல் என்று தெரிந்தால்தான் தொகை புரியும். எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது, இடது காலில் காலிப்பர், அதாவது நடக்கத் தாங்கும் கம்பிக் கருவி. திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் பஸ் நிறுத்தத்தை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி தைக்க வருகிறவர்களைப் போலவே மனு எழுதச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வாசல் வருவாய்த் துறை. தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் என்று ஒருவர் இருப்பார். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் எல்லாம் அவரிடம்தான். மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் அவரிடம்தான். 1,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2023 ஜனவரியில் இருந்து 1,500 ஆனது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் மனு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாக அவரிடம் போகும்.

இரண்டாவது வாசல் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. மாவட்டத் தலைநகரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும். இவர்கள் தருவதற்குப் பெயர் பராமரிப்பு உதவித்தொகை, மாசம் 2,000. இது எல்லாருக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் என்றால் 40 சதவீதம் இருந்தாலே போதும். பார்க்கின்சன், தண்டுவட பாதிப்பு மாதிரி நாள்பட்ட நரம்புப் பாதிப்புகளும் இதில் வரும். மற்ற குறைபாடுகளுக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். கடும் பாதிப்பு என்று சொல்வது இதைத்தான்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வாருங்கள். பையனுக்கு அறிவுசார் குறைபாடு, 50 சதவீதம். இரண்டாவது வாசலில் 40ஐத் தாண்டிவிட்டான், அதனால் 2,000. எனக்குக் கால் குறைபாடு, 60 சதவீதம். 75ஐத் தொடவில்லை, அதனால் முதல் வாசல், 1,500. சதவீதம் ஏறினால் தொகையும் ஏறும் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. முதலில் குறைபாட்டின் பெயரைப் பாருங்கள், பிறகு சதவீதத்தைப் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஏதாவது ஒன்றுதான். அதனால் மனு போடும் முன்னால் மாற்றுத்திறனாளி மருத்துவச் சான்றிதழைக் கையில் எடுத்து உட்கார்ந்து வாசியுங்கள். யூடிஐடி கார்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை, மட்டும் பார்க்காதீர்கள். இதை நான் என் பெரியம்மா விஷயத்தில் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சதவீதம் முடிவு செய்யும் மருத்துவ போர்டில் 77 சதவீதம் போட்டார்கள். யூடிஐடி கார்டு மஞ்சள் நிறத்தில் வந்தது. 40க்குக் கீழே வெள்ளை, 40ல் இருந்து 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். இது நாடு முழுவதற்கும் உள்ள நிறக் கணக்கு. நீலம் என்றால்தான் கடும் பாதிப்பு என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பினேன். மஞ்சள் கார்டைப் பார்த்துவிட்டு முதல் வாசலுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். 1,500 வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

22 மாசம் கழித்து, வேறொருவருக்காக விதிகளைக் கேட்கப் போன இடத்தில்தான் 75 என்ற எண் காதில் விழுந்தது. கார்டின் நிறம் 80ல் மாறுகிறது, நம் மாநிலத்தின் 2,000 ரூபாய் 75ல் திறக்கிறது. நடுவில் இருக்கிற ஐந்து சதவீதத்தில் எத்தனை பேர் மஞ்சள் கார்டை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்களோ! மாசம் 500 என்றால் 22 மாசத்துக்கு 11,000 ரூபாய். பெரியம்மாவின் மாத்திரைச் செலவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் 75ல் இருந்து 79க்குள் யாருக்காவது சான்று இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் அவசரப்பட்டு முதலில் வாங்குகிறதை நிறுத்திவிடாதீர்கள். முதலில் மாவட்ட அலுவலகத்தில் சான்றிதழ், யூடிஐடி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் ஜெராக்ஸ், போட்டோவோடு மனு கொடுங்கள். இப்போது வருவாய்த் துறையில் 1,500 வாங்குகிறேன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் சிக்கல் வரலாம். காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா, உங்கள் வரிசை எது என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஆணை கைக்கு வருகிற கட்டத்தில் எந்த மாசத்தோடு பழையது நிற்கிறது, எந்த மாசத்தில் புதியது தொடங்குகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நடுவில் ஒரு மாசம் வெறுமையாகப் போனால் அந்த வீட்டில் அரிசிக்குத்தான் அடி.

மத்திய அரசு தனியாகத் தருகிறது என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு நிறையப் பேர் வருகிறார்கள். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று 2009ல் இருந்து இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 சதவீதமும் அதற்கு மேலும், 18 வயது ஆனவர்களுக்கு. அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய், 80 வயதானவர்களுக்கு 500. 200ஆக இருந்ததை 2012ல் 300 ஆக்கினார்கள். இந்த 300 தனியாக வராது. அது உங்கள் 1,500க்குள்ளேயே அடக்கம், மீதி 1,200 மாநில அரசு போடுவது. ஆகவே 1,500ம் 300ம் கூட்டி 1,800 என்று கணக்குப் போடாதீர்கள். அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தனியாக வரக்கூடியது ஒன்று உண்டு. எந்நேரமும் இன்னொருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவர்களை உயர் ஆதரவு தேவைப்படுவோர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாசம் 1,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. இதற்கு மதிப்பீடு செய்துதான் முடிவெடுப்பார்கள், சதவீதச் சான்று மட்டும் போதாது. படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளையை வைத்திருக்கும் அம்மாமார்கள் இதை மாவட்ட அலுவலகத்தில் பெயர் சொல்லியே கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால், 40ம் 40ம் கூட்டி 80 என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள். டாக்டர்கள் அப்படிக் கூட்டுவதில்லை. பெரிய சதவீதத்தை அப்படியே வைத்துக்கொள்வார்கள். 90ல் இருந்து அதைக் கழித்து, வருவதைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். 40க்கும் 40க்கும் இது 62தான் வரும். போர்டு குறைத்துப் போட்டுவிட்டது என்று சண்டைக்குப் போகும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

பாஸ்புக்கில் வருகிற தொகை குறைவாக இருந்தால் உடனே அரசாங்கத்தைத் திட்டாதீர்கள். என் கணக்கில் ஒரு தடவை 1,500 ஏறி, மறுநாளே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பேங்க் பிடித்துக்கொண்டது. இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்காக மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகு பிடிப்பது நின்றது. பணமே ஏறவில்லை என்றால், ஆதார் கடைசியாக எந்தப் பேங்கில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். நூறு நாள் வேலைக்கென்று வேறு பேங்கில் கணக்கு தொடங்கியிருந்தால், ஆதார் வழியாக அனுப்பும் பணம் சத்தமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

1,500 சட்டப்படி சரியா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு அதே மாதிரித் திட்டத்தில் கொடுப்பதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக நமக்குத் தர வேண்டும் என்கிறது. முதியோர் பென்ஷன் 2023ல் 1,200 ஆனது. அதில் 25 சதவீதம் 300, சேர்த்தால் 1,500. சட்டம் சொன்ன தரையில் சரியாக நிற்கிறது. அதனால் முதியோர் பென்ஷன் உயர்ந்ததாகச் செய்தி வந்தால் அதை 1.25ஆல் பெருக்குங்கள். நமக்கு அதற்குக் கீழே வந்தால் இந்தப் பிரிவைச் சொல்லியே மனு எழுதலாம். பக்கத்தில் ஆந்திராவில் 2024ல் இருந்து 6,000 தருகிறார்கள். அதைக் கேட்டு நம் சங்கத்தினர் வெயிலில் ரோட்டில் உட்கார்வது பேராசையால் இல்லை. என் காலிப்பரின் தோல் வார் மாற்றவே ஒரு மாசப் பணத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் 1100க்குப் போன் செய்து பதிவு எண் வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

சான்றிதழில் தற்காலிகம் என்று போட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். அந்தத் தேதி தாண்டினால் பணம் நிற்க வாய்ப்புண்டு, மூன்று மாசம் முன்பே மறு பரிசோதனைக்கு நாள் கேளுங்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு வருஷா வருஷம் வாழ்நாள் சான்றும், அதாவது ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும், கேட்பார்கள். பெரியம்மாவுக்கு ஆணை வந்துவிட்டது. அந்த ஆணையின் ஜெராக்ஸில், அடுத்த வாழ்நாள் சான்று எந்த மாசம் என்று சிவப்பு மையால் எழுதி, அவர் கட்டிலுக்கு நேரே காலண்டர் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.