சிறிமாவோ பண்டாரநாயக்க பற்றி எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

தேதியில் ஓர் இலக்கம் மாறிப்போவது, பெயரில் ஒரு கால் விடுபடுவது எல்லாம் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். இலங்கைப் பிரதமராக இருந்த சிறிமாவோவைப் பற்றி எழுதும்போது, படிக்கச் சரியாகவே தோன்றி, ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டு போகும் பிழைகளே இங்கே பேச்சு. கீழே வரும் ஒவ்வொரு தலைப்பும் அப்படியொரு பிழைதான்.

கணவர் இறந்ததும் பிரதமரானார், தொகுதியில் வென்றார்

இரண்டும் தவறு. அவர் கணவர், பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டு 1959 செப்டம்பர் 26-ல் இறந்தார். அடுத்த பத்து மாதங்களில் தஹநாயக்க, டட்லி சேனநாயக்க என்று இரண்டு பிரதமர்கள் வந்து போனார்கள். 1960 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ பிரசாரம் மட்டுமே செய்தார், எங்கும் போட்டியிடவில்லை. அவருடைய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 151 இடங்களில் 75-ஐப் பிடித்தது. ஜூலை 21-ல் பதவியேற்ற அவர், மேலவையான செனட் சபையில் இருந்துகொண்டுதான் ஆட்சி நடத்தினார். அத்தனகல்ல தொகுதியில் வென்று கீழவைக்குள் வந்தது 1965-ல், அதுவும் எதிர்க்கட்சித் தலைவராக.

உலகின் முதல் பெண் நாட்டுத் தலைவர்

பிரதமர் என்று எழுதுங்கள். 1960-ல் இலங்கையின் நாட்டுத் தலைவர் எலிசபெத் ராணி.

1948, 1964, 1974: மூன்றையும் ஒரே கணக்கில் எழுதுவது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருகிற, எரிச்சலூட்டும் பிழை இது. பாதிக்கப்பட்டது மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தோட்டப் பகுதிகளின் இந்திய வம்சாவளித் தமிழர் வாழ்க்கை என்பதால் இதை அலட்சியமாக விடவும் முடியாது.

முதலில், அவர்கள் குடியுரிமையைப் பறித்தவர் சிறிமாவோ அல்லர். அது டி.எஸ். சேனநாயக்க அரசின் 1948-ம் ஆண்டுச் சட்டம். அப்போது அவர் கட்சியே தொடங்கப்படவில்லை. ஆனால் அவர் கணவர் அந்த அமைச்சரவையில் இருந்தார். அதை மறைத்துவிட்டு எழுதுவதும் நேர்மையில்லை.

1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் கையெழுத்தானது, இப்படி நாடற்றவர்களான 9,75,000 பேரைப் பற்றிய ஒப்பந்தம். இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்பது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மீதியைத்தான் 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். ஆக இந்தியப் பங்கு 6,00,000, இலங்கைப் பங்கு 3,75,000. கூட்டிப் பார்த்து 9,75,000 வராவிட்டால் உங்கள் கட்டுரையில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அடுத்த சறுக்கல், '5.25 லட்சம் பேர் அனுப்பப்பட்டனர்' என்பது. அது ஒப்பந்தத்தில் எழுதிய பங்கு. கப்பல் ஏறியவர்களின் எண்ணிக்கை அல்ல. 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டிய வேலைக்கான சட்டமே 1967-ல், டட்லி ஆட்சியில்தான் வந்தது. 1981-ல் காலக்கெடு முடிந்தபோதும் வேலை முடியவில்லை. 1984-ல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. எஞ்சிய நாடற்றவர்களுக்கு இலங்கை 1988-லும் 2003-லும் சட்டம் போட வேண்டியிருந்தது. இந்த எண்களை எழுதும்போது, பிரிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

இதிலிருந்து கிளைத்த பிழை இன்னொன்று: நீலகிரி தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட தாயகம் திரும்பியோரை 'இலங்கை அகதிகள்' என்பது. அவர்கள் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள். அகதிகள் என்ற கணக்கில் வருவோர், 1983 கலவரத்துக்குப் பின் உயிர்தப்பி வந்தவர்கள். இரு தரப்பினரும் மண்டபம் முகாமைக் கடந்தே வந்தார்கள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. சட்ட நிலை முற்றிலும் வேறு.

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில். ஜனவரி ஒப்பந்தமும் அதே ஆண்டு, அதே இரண்டு தலைவர்கள் என்பதால் சிலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். மன்னார் வளைகுடா கடல் எல்லைக்கான ஒப்பந்தம் தனி. அது 1976 மார்ச்.

மூன்று முறை பிரதமர், ஒரே அதிகாரம்

1960–65, 1970–77 ஆட்சிகளில் முடிவு அவருடையது. 1971-ல் ஜே.வி.பி. இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்கியதும், 1972 குடியரசு அரசியலமைப்பும், பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களைப் பாதித்த தரப்படுத்தலும் அவர் கணக்கில்தான் சேரும். 1994-ல் பிரதமரானபோது நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடம், அதாவது மகள் சந்திரிகாவிடம். அந்தக் காலத்துப் போர் முடிவுகளைத் தாயின் பெயரில் எழுதாதீர்கள்.

1977 தோல்வியோடு ஒதுங்கிவிட்டார்

ஒதுக்கப்பட்டார். கட்சி 168-ல் 8 இடங்களுக்குச் சுருங்கினாலும் அத்தனகல்லவில் அவர் வென்றார். 1980 அக்டோபரில் குடியியல் உரிமையை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்து ஜெயவர்த்தன அரசு அவரை வெளியேற்றியது. 1986-ல் உரிமை திரும்பியது. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசாவிடம் தோற்றாலும் 45 சதவீதத்தை நெருங்கினார்.

பதவியில் இருக்கும்போதே இறந்தார்

இல்லை. 2000 ஆகஸ்ட் 10-ல் விலகினார். இரத்தினசிறி விக்கிரமநாயக்க பிரதமரானார். இறந்தது அக்டோபர் 10, பொதுத் தேர்தல் நாளில், வாக்களித்த பிறகு.