சர்ஜரி படிக்க எந்த நாடு? முதலில் வருடக் கணக்கைப் போடுங்கள்

எம்பிபிஎஸ் முடித்ததும் சர்ஜரிதான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, முதலில் வருடங்களை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுதி 3 வருடம் எம்எஸ் என்ற சர்ஜரி பட்டம், சிறப்புப் பிரிவு வேண்டுமென்றால் அப்புறம் இன்னொரு 3 வருடம் எம்சிஎச் என்ற உயர் பட்டம். அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை செய்தபடியே பெறும் பயிற்சி, 5 வருடம், அதற்குள் குறைந்தது 850 ஆபரேஷன் கணக்குக் காட்ட வேண்டும். பிரிட்டனில் 2 வருடம் ஃபவுண்டேஷன் என்ற பொதுப் பயிற்சி, 2 வருடம் கோர் என்ற சர்ஜரி அடிப்படைப் பயிற்சி, அதன்பின் சுமார் 6 வருடம் சிறப்புப் பயிற்சி. நீளம்தான், ஆனால் படிப்படியாகக் கை பழகும் என்பதால் எனக்குப் பிடித்தது இந்த முறைதான்.

எங்கே போவதானாலும் லாக்புக்கை, அதாவது நீங்கள் பங்கெடுத்த ஆபரேஷன்களின் பதிவேட்டை, இன்றே தொடங்குங்கள். தியேட்டரிலிருந்து வெளியே வந்த அன்றே தேதி, ஆபரேஷன் பெயர், ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து நின்றீர்களா, சீனியர் பக்கத்தில் நிற்க நீங்களே தையல் போட்டீர்களா என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள், நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம்.